பறை இல்லாத சங்கீதப் புத்தகம்: சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபை தன் இசையை வேதத்தின் முன் வைத்த நிகழ்வு

ஈசூன் வட்டாரத்தில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளம். செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி. வட்ட மேசைகளில் வேர்க்கடலையும் பாக்கெட் பானங்களும். நடுவில், மலர்களுக்கிடையே, எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவரின் உடல். இரண்டாம் நாள் துக்க ஆராதனை.

நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். ஒரு கீபோர்ட், ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் பெட்டிக் கொட்டு), ஒரு கிட்டார், இரண்டு குரல்கள். ஞாயிறுதோறும் நன்றாக வாசிக்கிறவர்கள்தான். அந்தக் குழுவைப் பத்து ஆண்டுகளாக ஒருங்கிணைப்பவள் நான். மூத்த மகன் என்னிடம் வந்து, “அக்கா, அம்மாவுக்காக ஒரு பாட்டு பாடுங்க” என்றார். என் கையிலிருந்த டேப்லெட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் இருந்தன. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஜெயம், எழுப்புதல், ஆசீர்வாதம், வாக்குத்தத்தம். தாயைப் பறிகொடுத்து நிற்கிறவர் முகத்தைப் பார்த்துப் பாட அதில் ஒன்றும் அகப்படவில்லை. மெதுவாகப் போகும் ஒன்றை எடுத்துத் தொடங்கினோம். நாங்கள் ஐந்து பேர் மட்டுமே பாடினோம்.

முதல் சரணம் முடிந்த இடைவெளியில், பின்வரிசையிலிருந்து எண்பது வயதைத் தாண்டிய பெரியம்மா ஒருவர் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. கீபோர்ட் தம்பி சுருதி தேடினான். எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே நின்றது அவர் குரல். இரண்டு முறை தொட்டுப் பார்த்தவன், கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மற்ற பெரியவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தூண் ஓரமாக, லாரியிலிருந்து இறங்கி வேலைச் சீருடையோடு நேராக வந்திருந்த நான்கு தம்பிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஊரில் பாட்டியிடம் கேட்ட பாட்டு அது. ஆறு சரணமும் வந்தன, புத்தகம் இல்லாமல்.

திரும்பும் ரயிலில் கீபோர்ட் தம்பி வெகுநேரம் பேசவில்லை. கடைசியில் ஒன்று சொன்னான்: “அந்தப் பாட்டு எனக்கு யாரும் சொல்லித் தரல ஆன்டி.”

சொல்லித் தந்திருக்க வேண்டியவள் நான். அந்த இரவுக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு நாங்கள் செய்ததையும், அதில் தவறியதையும் இங்கே எழுதுகிறேன். வேறு சபைகளில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

எங்கள் சபையும் எங்கள் சண்டைகளும்

சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனை புதிதல்ல. ஷார்ட் ஸ்ட்ரீட்டிலுள்ள தமிழ் மெத்தடிஸ்ட் சபையின் தொடக்கம் 1887. ஓஃபீர் சாலையின் லூர்து மாதா ஆலயம் 1888இல் எழுந்தது. எங்களுடையது அப்படி வரலாறு கொண்ட சபையல்ல. ஓர் ஆங்கிலச் சபையின் கட்டடத்தை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்குப் பெற்றுக் கூடுகிற, நூறு பேர் அளவிலான சிறிய கூட்டம்.

மூன்று வகையான மக்கள் ஒரே அறையில் உட்காருகிறோம். பாமாலையும் கீர்த்தனையும் மனப்பாடமாக உள்ள மூத்தவர்கள். ஆங்கிலத்தில் சிந்தித்து, திரையில் ஆங்கில எழுத்தில் ஓடும் தமிழைப் பார்த்துப் பாடும் இளையவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, மாதத்தில் இரண்டு ஞாயிறுகளாவது ஓய்வு கிடைத்தால் ஓடிவரும் தம்பிகள். வீட்டு வேலை செய்யும் சகோதரிகளும் சிலர்.

இசையைப் பற்றிய சண்டைகள் எங்களுக்குப் பழகிப்போயிருந்தன. டிரம்ஸ் சத்தம், ஆங்கிலப் பாட்டு எத்தனை, சினிமா மெட்டு போன்ற மெட்டுகள், கீர்த்தனையை யார் பாடுவது. இவற்றுக்கு நான் கண்டிருந்த தீர்வு பங்கீடு. பெரியவர்களுக்கு இரண்டு, பிள்ளைகளுக்கு இரண்டு, ஊர்த் தம்பிகளுக்கு ஒன்று. நியாயமானதாகத் தோன்றியது, ஆனால் யாருக்கும் நிறைவில்லை. தன் பங்குப் பாட்டு வரும்போது ஒரு கூட்டம் எழுந்து பாடும், மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள். ஆராதனையை விருந்துப் பந்தியாக்கி, அவரவர் ருசிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். இசை எதற்காக என்ற கேள்வியை ஒருமுறைகூட நாங்கள் கேட்டதில்லை.

துக்க வீட்டுக்குப் பிறகு, ஓராண்டுப் பாடல் பட்டியலைக் குழுவாக உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். துக்கத்தைச் சொல்லும் பாட்டு ஒன்றே ஒன்று. அதிலும் இரண்டாவது அடியிலேயே துக்கம் தீர்ந்துவிடுகிறது. பாவ அறிக்கை அபூர்வம். ‘நான்’, ‘எனக்கு’ என்ற சொற்கள் எல்லா இடத்திலும். ‘நாங்கள்’ எங்கோ ஓரத்தில். வேதத்திலுள்ள பாட்டுத் தொகுப்பான சங்கீதப் புத்தகத்தை அருகில் வைத்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. அதன் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் விடியலைக் காட்டாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் தேவன் தம் ஜனங்களின் பாட்டுப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

புதன் இரவுகள்

போதகரிடம் அனுமதி கேட்டு, புதன் இரவுகளில் வேதத்தில் இசை வரும் பகுதிகளை வாசிக்கத் தொடங்கினோம். வாத்தியக்காரர்கள் மட்டும் போதாது என்று போதகர் சொன்னார். அதனால் அந்தக் கீர்த்தனையை எடுத்த பெரியம்மா, ஊர்த் தம்பிகளில் ஒருவர், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஆகியோரும் வந்தார்கள். போதகரின் இந்த ஒரு யோசனைதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் கொலோசெயர் 3:16. “சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும்” என்று வாசித்ததும் பெரியம்மா முகம் மலர்ந்தது. “பாத்தியா, வேதத்துலயே கீர்த்தனை இருக்கு.” அறையில் சிரிப்பு எழுந்தாலும் இது முக்கியமான இடம். தமிழில் வேதம் வாசிக்கும் நமக்கு ‘கீர்த்தனை’ என்றால் பல்லவி, அனுபல்லவி, சரணம். ‘ஞானப்பாட்டு’ என்றால் ஜெர்மன் அல்லது ஆங்கில மெட்டில் வரும் தமிழ்ப் பாட்டு. மொழிபெயர்த்தவர்கள் தம் காலத்துச் சபை அறிந்த சொற்களைப் பொருத்தமாக எடுத்துக்கொண்டார்கள். பவுல் எழுதிய கிரேக்கச் சொற்களோ பாட்டைக் குறிக்கும் பொதுவான மூன்று சொற்கள். ஒன்றுக்குள் ஒன்று கலப்பவை. எந்த மெட்டுக்கும் அந்த வசனம் முத்திரை குத்தவில்லை.

வசனத்தின் பாரம் வினைச்சொற்களில் இருக்கிறது. “ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு.” பாட்டு தேவனை நோக்கி மேலே போவது மட்டுமில்லை, பக்கத்து இருக்கைக்கும் போகிறது. கிறிஸ்துவின் வசனம் மனிதருக்குள் குடியேறும் வழிகளில் ஒன்று, ஒருவர் பாடுவதை இன்னொருவர் கேட்பது. அப்படியானால் பாடுகிறவர்கள் யார்? சபையார். நாங்கள் ஐந்து பேரும் அவர்களுக்குத் துணை. பக்கத்தில் இருப்பவர் குரல் காதில் விழாத அளவுக்கு ஸ்பீக்கர் முழங்கினால், அந்த வசனம் நிறைவேறுவதற்கு நாங்களே தடையாகிவிடுகிறோம். ஒலியளவுச் சண்டைக்கு வேதத்தில் பதில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தது.

பதினான்கு வயதுப் பெண் ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்: “ஆன்டி, கிருபைன்னா என்ன? அது என் சித்தி பேர்தானே?” ஆறு வயதிலிருந்து அந்தச் சொல்லைப் பாடிவருகிறாள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் சிங்கப்பூர்வாசிகள் அனைவரிலும் 2.5 விழுக்காடு மட்டுமே. நம் பிள்ளைகளில் பலருக்கு ஆராதனைத் தமிழ் ஒலியாக மட்டுமே எட்டுகிறது. “நான் ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அந்நிய பாஷையைப் பற்றிய அதிகாரத்தில். எங்கள் அறையில் அந்நிய பாஷையாக இருந்தது தமிழ். அன்று இரவு அவளுக்கு அந்தச் சொல்லை விளக்க எங்கள் எல்லோருக்கும் சேர்ந்து அரைமணி நேரம் பிடித்தது.

திறமையைப் பற்றியும் பேசினோம். “ஆவியானவர் நடத்துவார்” என்று சொல்லிப் பயிற்சிக்கு வராமல் இருப்பது எங்களிடம் இருந்த நோய். 1 நாளாகமம் 25இல் ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் வழியில் 288 பேர் பாட்டைக் கற்றுத் தேர்ந்தவர்களாக எண்ணப்படுகிறார்கள். முறைவரிசைக்குச் சீட்டுப் போடும்போது ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் வேறுபாடு இல்லை. அவர்கள் வாசிப்பதை அந்த அதிகாரம் தீர்க்கதரிசனம் உரைப்பது என்றே சொல்கிறது. “வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள்” என்கிறது 33ஆம் சங்கீதம். நேர்த்தி பக்திக்கு எதிரியல்ல. நெகேமியா 13இல் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பங்கு கொடுக்கப்படாததால் பாடகர்கள் அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள், நெகேமியா கடிந்துகொண்டது பொறுப்பிலிருந்தவர்களை. எங்கள் கிட்டார் தம்பி பல ஆண்டுகளாகத் தன் கைக்காசில் கம்பி மாற்றிவந்தது அன்றுதான் சபைப் பொருளாளருக்குத் தெரியவந்தது.

இனி, என்னை உலுக்கிய பகுதி. பாட்டைத் தேவன் வெறுக்கும் இடம் ஆமோஸ் 5 என்பது பலருக்குத் தெரியும்: “உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று.” ஆனால் அடுத்த அதிகாரத்தை நான் ஊன்றி வாசித்ததில்லை. தாவீதைப்போல் தங்களுக்குக் கீதவாத்தியங்களை உண்டுபண்ணுகிறவர்களை அங்கே தீர்க்கதரிசி சாடுகிறார். தாவீதைப்போல் வாசிப்பது எங்களுக்கு இலட்சியம். அவர்கள் மேல் என்ன குற்றம்? “யோசேப்புக்கு நேரிட்ட ஆபத்துக்குக் கவலைப்படாமற்போகிறார்கள்.” தம் ஜனத்தின் துயரத்துக்கு அவர்கள் வாத்தியத்தில் இடமில்லை. ஈசூன் கீழ்த்தளத்தில் டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்த என் விரலை நினைத்துக்கொண்டேன். அன்று புதன் கூட்டத்தை ஜெபத்தோடு சீக்கிரம் முடித்துவிட்டோம்.

துக்கத்தைப் பாடத் தமிழர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கையறுநிலை என்று ஒரு துறையே வைத்து, மாண்டவனைப் பாடியவர்கள் நம் முன்னோர். ஒப்பாரி பாடத் தெரியாத கிராமம் இல்லை. சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடிய புலம்பலை அந்தப் பழக்கத்தோடு வாசித்தால் அது எவ்வளவு நெருக்கமாக வருகிறது! அதை யூதாவின் புத்திரருக்குக் கற்றுக்கொடுக்கும்படி தாவீது கட்டளையிட்டதாக 2 சாமுவேல் சொல்கிறது. யோசியா இறந்தபோது எரேமியா புலம்பல் பாடினார். பாடகரும் பாடகிகளும் பாடினார்கள். “நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத்” துக்கிக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியதை, துக்கிக்கவே வேண்டாம் என்று நாம் சுருக்கிவிட்டோம். லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார், அவரை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும்.

பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றும் ஒரு புதன்கிழமை பார்த்தோம். பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த ஸ்விங்லி, சூரிக்கில் ஆராதனையிலிருந்து இசையையே எடுத்துவிட்டார். ஜெனீவாவில் கால்வின், வாத்தியமின்றிச் சங்கீதங்களைப் பாட வைத்தார். 150 சங்கீதங்களும் அடங்கிய பாட்டுப் புத்தகம் 1562இல் நிறைவுற்றது. லூத்தர் சபையார் வாயில் அவர்கள் மொழியிலேயே பாட்டை வைத்தார். மூவர் கையிலும் ஒரே வேதம் இருந்தது. எனவே நாங்கள் எழுதப்போவது எங்கள் சபைக்கான கொள்கை மட்டுமே என்று அன்றே முடிவு செய்துகொண்டோம்.

பறை

ஊர்த் தம்பிகளில் புதன் கூட்டத்துக்கு வந்தவர் விழுப்புரம் பக்கம். விடுப்பு முடிந்து திரும்பியபோது ஒரு பறையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். 150ஆம் சங்கீதம் வாசித்த இரவில் அதைக் கையோடு எடுத்துவந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அக்கா, இதுல இதோட பேரு இல்லையே?”

இல்லைதான். எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, யாழ், தீங்குழல், கைத்தாளம் இருக்கின்றன. எபிரெய வாத்தியங்களுக்குத் தமிழ் வாத்தியப் பெயர்களைத் தேடித்தேடி வைத்திருக்கிறார்கள். ஆதியாகமம் 4:21இல் யூபால் “கின்னரக்காரர், நாகசுரக்காரர் யாவருக்கும்” தகப்பன். காயீனின் வம்சத்தில் பிறந்த ஒருவன் கையில் வேதம் இசையின் தொடக்கத்தைக் காட்டுவதும், தமிழ் வேதம் அங்கே நாகசுரத்தை வைத்திருப்பதும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பறை எங்கும் இல்லை.

தம்புரு என்றதும் நம்மில் பலருக்குக் கம்பி வாத்தியமான தம்புராதான் நினைவுக்கு வருகிறது. இந்தச் சங்கீதத்தில் நடனத்தோடு சேர்ந்து வரும் எபிரெயச் சொல் ‘தோஃப்’. வட்டச் சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிய, கையில் பிடித்து அடிக்கும் கொட்டு. செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் எடுத்தது அதுதான். வட்டச் சட்டமும் இழுத்துக் கட்டிய தோலும். அந்த அறையில் அதற்கு நெருங்கிய உறவு அந்தத் தம்பி மடியில்தான் இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் அதை வாசிக்கலாமா என்ற கேள்வி மூப்பர்களிடம் போனது. “அது வேண்டாம்மா, அது வேற விஷயம்” என்றார் ஒருவர். “சாவுக்கு அடிக்கறது” என்றார் இன்னொருவர். ‘வேற விஷயம்’ என்ன என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். பறை அடித்தவர்களை ஊர் எங்கே நிறுத்தியது என்பது கடல் தாண்டி வந்த பிறகும் நமக்கு மறக்கவில்லை. வேதத்தின் பெயரால் பேசிக்கொண்டிருந்தோம், உள்ளே இருந்தது சாதி. இதை மென்மையாக எழுத எனக்கு மனமில்லை. யூதரல்லாதாரைத் தள்ளிவைக்கத் தயாராயிருந்த பேதுருவுக்கு வானத்திலிருந்து கேட்ட சத்தத்தைத் தமிழ் வேதம் எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: “தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே.”

நாம் ‘புனிதம்’ என்று கருதும் இசைக்கும் ஒரு பயணக் கதை உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் பின்வந்தவர்களும் ஜெர்மன் மெட்டுகளில் தமிழைப் பாட வைத்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சரபோஜி மன்னரின் அரசவையோடு நெருக்கமாயிருந்தவர். குறவஞ்சி வடிவத்தையே எடுத்துச் சுவிசேஷம் பாடினார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டையே அமைத்தார். வெளியே நின்ற ஒவ்வோர் இசையும் யாரோ ஒருவர் கதவைத் திறந்ததால்தான் உள்ளே வந்தது.

மூப்பர்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது அந்தத் தம்பி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “சாவுக்குத்தான்க்கா அடிப்போம். உங்ககிட்ட சாவுக்குப் பாட்டு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?”

எழுதியதும் செய்ததும்

எங்கள் கொள்கை ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. முதல் வாக்கியம்: சபையே பாடகர் குழு, வாத்தியக்காரர்கள் அதற்கு ஊழியர். அடுத்து, பாட்டின் வேலை கிறிஸ்துவின் வசனத்தை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் இருதயத்துக்குக் கொண்டுபோவது. அந்த வேலையைச் செய்கிறதா என்று பார்த்துத்தான் பாட்டைத் தேர்ந்தெடுப்போம், பழையதா புதியதா என்று பார்த்து அல்ல. தேவனுடைய ஜனங்கள் வேதத்தில் பாடிய எல்லாவற்றையும் நாங்களும் பாடுவோம்: துதி, அறிக்கை, நன்றி, புலம்பல், நியாயத்துக்கான கூக்குரல். எந்த வாத்தியமும் தன் பிறப்பால் தீட்டல்ல. ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் இருவர் சேர்ந்து வாசிப்பதற்கு முன் ஒப்புரவாக வேண்டும். கடைசி வரியைப் பெரியம்மா சொல்ல நான் எழுதினேன்: பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.

செயலில் முதலில் மாறியது சுருதி. பாட்டைப் பதிவில் கேட்டு, பாடியவர் எந்தக் கட்டையில் பாடினாரோ அதே கட்டையில் வாசித்துவந்தோம். பயிற்சியில்லாத சபையார் நடு ஸிக்குக் கீழே உள்ள ஏ தொடங்கி மேலே டி வரைதான் சிரமமில்லாமல் பாடுவார்கள். ஆண்கள் அதையே ஓர் ஆக்டேவ் இறக்கி. பெரும்பாலான பாடல்களை இரண்டு, இரண்டரை கட்டை இறக்கினோம். பெரியம்மா இன்னொன்றும் சொன்னார்: “நீங்க ஒரு வரிய முடிச்சதும் அடுத்ததுக்குப் போயிடறீங்க. நான் எப்ப மூச்சு விடறது?” அடிகளுக்கிடையே மூச்சுக்கு இடம் விட்டோம். கடைசிச் சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தினோம். முதல் முறை அப்படி நிறுத்தியபோது எழுந்த சபையின் குரல் மிக மெல்லியது. அதுதான் எங்கள் உண்மை நிலை.

திரையில் ஆங்கில எழுத்துத் தமிழ் அப்படியே இருக்கிறது, அதை எடுத்தால் பிள்ளைகள் பாட முடியாது. அதன் கீழே ஒரு வரியில் பொருள் சேர்த்தோம். ஒவ்வொரு வாரமும் ஒரு சொல்லை, கிருபை, மீட்பு, பரிசுத்தம் என்று, ஒரு நிமிடத்துக்குள் யாராவது விளக்குகிறார்கள். பத்துப் பாடல்களை வாத்தியக்காரர்கள் எல்லோரும் மனப்பாடமாகக் கற்றோம், மருத்துவமனைக் கட்டிலுக்கும் துக்க வீட்டுக்கும் கீபோர்ட் இல்லாமல் போவதற்கு. கற்றுத் தந்தவர் பெரியம்மா. கீபோர்ட் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குரல் நிற்கும் இடத்துக்கு வாத்தியத்தின் சுருதியை நுணுக்கமாக நகர்த்தக் கற்றுக்கொண்டான். அந்த வசதி அதே கீபோர்டில் முன்பே இருந்தது.

பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்கள் வெளியே கோப்பி குடிக்கப் போகும் பழக்கத்தையும் நிறுத்தினோம். பிரசங்கத்தைக் கேட்காதவர் அதற்கடுத்த பாட்டை எதை வைத்து வாசிப்பார்? கம்பிக்கும் குச்சிக்கும் பயிற்சி வகுப்புக்கும் சபைப் பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது.

தவறியவையும் தீராதவையும்

முதல் இரண்டு மாதங்களில் நான் அளவு மீறினேன். கிடைத்த தெளிவின் வேகத்தில் பாட்டெல்லாம் கனமாகிவிட்டது. ஊர்த் தம்பி ஒருவர், “ஆறு நாள் வெயில்ல நின்னுட்டு வர்றோம்க்கா, கொஞ்சம் கை தட்டிப் பாடணும்” என்றார். அவர் சொன்னது நியாயம். சந்தோஷமும் சங்கீதப் புத்தகத்தில் கட்டளைதான். எங்கள் முதல் புலம்பல் ஞாயிறில், சபையில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டதென்று நினைத்துப் போதகரை இரண்டு பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். முன்கூட்டியே விளக்காதது என் பிழை. குழுவிலிருந்து ஒருவர் விலகி, பெரிய மேடை உள்ள வேறு சபைக்குப் போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் இல்லாத பேஸ் கிட்டாரின் வெற்றிடம் மட்டும் இன்னும் கேட்கிறது.

சபைக்கு வெளியே வாசிப்பது பற்றி முழுத் தெளிவு வரவில்லை. எங்கள் தபேலா தம்பி திருமண நிகழ்ச்சிகளிலும் தீபாவளி மேடைகளிலும் சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிறான். “எதைச் செய்தாலும், எல்லாவற்றையும் தேவனுடைய மகிமைக்கென்று” என்ற வசனத்தையும், யூபாலின் கொடை எல்லோருக்கும் பொதுவானது என்பதையும் வைத்து, அது அவன் தொழில், நேர்மையாகச் செய்யட்டும் என்றோம். கர்நாடக வாய்ப்பாட்டு கற்கும் பெண்ணின் நிலை அப்படி எளிதல்ல. அவள் கற்கும் கிருதிகள் பிற தெய்வங்களைத் துதிப்பவை. அவற்றை வணங்கும் அண்டை வீட்டார்க்கு அவை பக்தி. அதை மதிக்கிறோம், அதனாலேயே அவற்றை வெறும் பயிற்சிச் சொற்களாகப் பாடுவது சரியா என்ற உறுத்தல் அவளுக்கு. மனச்சாட்சி வேறுபடும் காரியங்களில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்னும் ரோமர் 14ஐ வாசித்தோம். ஒரு குடும்பம் ஸ்வரமாகவும் ஆலாபனையாகவும் மட்டும் கற்கச் சொல்கிறது. இன்னொரு குடும்பம் முழுதாகக் கற்கட்டும் என்கிறது. சபையாக ஒரு விதி போட மறுத்தோம்.

பறை, பெரிய வெள்ளியன்று ஒலித்தது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வேத வாசிப்புகளுக்கிடையே ஒற்றை அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒற்றை அடி. பாட்டு எதுவும் இல்லை. “சாவுக்கு அடிக்கறது” என்று சொன்ன மூப்பர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்தத் தம்பி பறையைத் துணியில் சுற்றும்போது அருகே போய், அவர் ஊர் எது என்று முதன்முறையாகக் கேட்டார். இரண்டு குடும்பங்கள் போதகருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதின. அதில் ஒரு குடும்பம் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு நானும் போதகரும் மூன்று முறை போய்வந்தோம்.

ஆறு மாதங்களுக்கு முன் அந்தத் தம்பியின் ஒர்க் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பறையை எங்களிடமே விட்டுப்போனார். கிருபை என்றால் என்ன என்று கேட்ட பெண் இப்போது அதைக் கற்கிறாள், சனிக்கிழமை மாலைகளில், வீடியோ அழைப்பில். இங்குள்ள ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஒலி மங்கிவிடுகிறது. ஊரில் என்றால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். இங்கே கூரையில் புகை உணரி இருப்பதால், வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவந்து, தோலைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுகிறாள். விரலால் தட்டுகிறாள். கைபேசித் திரைக்குள்ளிருந்து அந்தக் குரல் வருகிறது: “இன்னும் கொஞ்சம் காயணும் பாப்பா.” மறுபடி சூடேற்றுகிறாள்.